நால்வர் அறை, ஓர் இண்டக்ஷன் அடுப்பு, ஆளுக்கு 3,000 ரூபாய்: சத்தாகச் சாப்பிட முடியுமா?

தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்து கோவை பீளமேட்டில் முதுகலை படிக்கிறீர்கள். மூன்று தோழிகளோடு சேர்ந்து ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருக்கிறீர்கள். ஆளுக்கு மாதம் 3,000 ரூபாய்க்கு மேல் சாப்பாட்டுக்கு ஒதுக்க வழியில்லை. ஓர் இண்டக்ஷன் அடுப்பும் ஐந்து லிட்டர் குக்கரும் இருக்கின்றன, ஃபிரிட்ஜ் இல்லை. மதிய வகுப்பில் கண் சொக்குகிறது, படியேறினால் மூச்சு வாங்குகிறது, மாதக் கடைசி வாரம் பன்னும் டீயுமாகவே கழிகிறது. இந்தப் பணத்தில் சத்தாகச் சாப்பிட முடியுமா என்பது உங்கள் முதல் கேள்வி. வீட்டில் சாப்பிட்டு வளர்ந்த ராகிக் களியை இந்த அடுப்பில் கிண்ட முடியுமா என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு முடியும் என்பதே என் பதில். அதற்கான கணக்கை முழுவதுமாகப் போட்டுக் காட்டுகிறேன். களியைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் மனையியல் கற்பித்தவள். அதோடு ஒரு மகளிர் விடுதியின் மெஸ் பொறுப்பும் பல ஆண்டுகள் என்னிடம் இருந்தது. பாடப்புத்தகத்தில் இல்லாத பலவற்றை அந்த மெஸ்ஸின் கணக்கு நோட்டுதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது என்பதால், கீழே வருவதில் பாதியை அந்த நோட்டின் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்குப் போவதற்கு முன் உடம்பைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். படியேறும்போது மூச்சு வாங்குவதும் பகலில் ஓய்ந்து போவதும் இரத்தசோகையின் அறிகுறிகளாகவும் இருக்கலாம். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டின் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது தெரியவந்தது; ஆகவே உங்கள் அறை நால்வரில் இருவருக்கு அது இருந்தால் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அருகிலுள்ள அரசு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் அளவைக் கட்டணமின்றிப் பார்த்துக்கொள்ளலாம். அது 12 கிராமுக்குக் கீழே இருந்தால் மருத்துவர் தரும் இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காக விழுங்குவதுதான் வழி. பேரீச்சம்பழத்தையும் வெல்லத்தையும் தின்று அந்தப் பள்ளத்தை நிரப்பிவிட முடியாது. நான் சொல்லப்போகும் சாப்பாடு, ஏறிய அளவு மறுபடி இறங்காமல் இருக்கத் துணை செய்யும்.

இனிப் பணம். விடுதியை விட்டு அறை எடுத்துத் தங்கும் மாணவிகளிடம் ஒரு மாதச் செலவை ஒளிக்காமல் எழுதித் தரச் சொல்லிப் பலமுறை வாங்கிப் பார்த்திருக்கிறேன். ஏறக்குறைய எல்லாத் தாள்களும் ஒரே கதையைத்தான் சொல்லும். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் ஓடுவார்கள். பதினொரு மணி இடைவேளையில் பசி தாங்காமல் ஒரு டீயும் ஒரு பஃப்ஸும், அது 35 ரூபாய். மாலையில் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் டீயும் இரண்டு பஜ்ஜியும், அது 30 ரூபாய். நாளொன்றுக்கு 65 ரூபாய் என்றால், கல்லூரி நடக்கும் 26 நாளுக்கு 1,690 ரூபாய் ஆகிறது. கையில் இருக்கும் 3,000 ரூபாயில் பாதிக்கு மேல், மைதாவும் வனஸ்பதியும் சர்க்கரையுமாகப் போய்விடுகிறது; மிச்சம் இருப்பதில் மூன்று வேளைச் சமையல் நடக்க வேண்டும் என்று வரும்போது, முதலில் கைவைக்கப்படுவது பருப்பிலும் முட்டையிலும் பாலிலும்தான். பத்து முட்டையின் விலை அன்றாடம் தெருமுனையில் கரைவது அவர்கள் கண்ணுக்குப் படுவதே இல்லை, ஏனென்றால் அதைச் சாப்பாட்டுச் செலவாக யாரும் எண்ணுவதில்லை. டீயை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நானும் நாளுக்கு இரண்டு டீ குடிப்பவள்தான். பதினொரு மணிப் பசியை எட்டு மணிக்கே கவனித்துவிட்டால் பஃப்ஸ் தேவைப்படாது என்பதுதான் நான் சொல்ல வருவது.

பருப்பில் கைவைப்பது எவ்வளவு எளிது என்பதை நானே செய்து பார்த்திருக்கிறேன் என்பதால் அதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 2015 அக்டோபரில் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது. மெஸ் கணக்கு இடித்ததும், சமையல்கார அம்மாவிடம் சாம்பாருக்குப் போடும் பருப்பில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, பரங்கிக்காயைக் கூட்டிப் போடச் சொன்னேன். இரண்டு வாரம் அப்படியே ஓடியது. ஒரு மாணவியும் சாம்பாரைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆனால் அதே வாரத்தில் ஒரு நாள் அப்பளம் தீர்ந்துபோனதற்கு மட்டும் பன்னிரண்டு பேர் கையெழுத்திட்டுப் புகார் கொடுத்தார்கள். குழம்பு நீர்த்துப்போனால் நாக்குக்குப் புளியும் உப்பும் காரமும் போதும், அது ஏமாந்துவிடும். பிறகு துவரையை அளவாக வைத்துக்கொண்டு, பச்சைப்பயறு, தட்டைப்பயறு, கொள்ளு என்று வாரத்தில் மூன்று நாள் மாற்றினேன். அதற்குப் புகார் வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

எவ்வளவு சாப்பிட வேண்டும் என்பதற்கு ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அளவுகளையே எடுத்துக்கொள்கிறேன். 55 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 46 கிராம் புரதம் வேண்டும். அந்த நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல், 2,000 கலோரித் தட்டு ஒன்றில் 250 கிராம் தானியம், 85 கிராம் பயறு பருப்பு, 400 கிராம் காய்கறியும் கீரையும், 100 கிராம் பழம், 300 மில்லி பால் என்று வைக்கிறது; தானியமும் பருப்பும் சமைப்பதற்கு முந்தைய எடை. நம் வழக்கமான மதியச் சாப்பாட்டை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எங்கே கோணுகிறது என்று உடனே தெரியும். சோறு மட்டும் தட்டு நிறைய இருக்கிறது. சாம்பாரில் வருகிற பருப்பு ஆளுக்கு 15 கிராம் தேறினால் பெரிது. காய் இரண்டு கரண்டி. மதிய வகுப்பில் கண் சொக்குவதற்கும் இந்தச் சோற்றுக் குவியலுக்கும் தொடர்பு உண்டு.

புரதம் என்றதும் விலை உயர்ந்த பொருள் என்ற எண்ணம் எப்படியோ பரவிவிட்டது. நான் வாங்கும் மளிகைக் கடை விலையை வைத்து, 10 கிராம் புரதத்துக்கு எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள். கொள்ளில் 4 ரூபாய், கறுப்புக் கொண்டைக்கடலையில் 5 ரூபாயை ஒட்டி, பச்சைப்பயறிலும் நிலக்கடலையிலும் 6 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு, துவரம்பருப்பில் 6 ரூபாய்க்குச் சற்று மேல். முட்டையில் 11 ரூபாய், பாலில் 12 அல்லது 13 ரூபாய், எலும்போடு வாங்கும் பிராய்லர் கோழியில் 18 ரூபாய் வரை. மீல்மேக்கர் என்று நாம் சொல்லும் சோயா உருண்டைதான் எல்லாவற்றிலும் மலிவு; அதில் பாதி எடை புரதம். விலை ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறினாலும் இந்த வரிசை பெரிதாக மாறாது. எனவே பயறும் பருப்பும் அன்றாடத்துக்கு, முட்டையும் பாலும் அவற்றோடு சேர்த்து அளவாக, கோழியும் மீனும் ஞாயிற்றுக்கிழமைக்கு என்று வைத்துக்கொண்டால் கணக்கு உதைக்காது. மீன் வாங்குவதென்றால் உக்கடம் மீன் சந்தையில் மத்தியைக் கேளுங்கள். முள்ளைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள்தாம் அதைத் தாழ்வாகப் பேசுவார்கள்.

நால்வருக்குமாகச் சேர்த்து ஒரு மாதத்துக்கு வாங்க வேண்டியதை இனிச் சொல்கிறேன். புழுங்கலரிசி 22 கிலோ, ராகி மாவு 4 கிலோ, கோதுமை மாவு 4 கிலோ ஆகியவற்றுக்கு ஏறக்குறைய 1,700 ரூபாய். துவரம்பருப்பு 3 கிலோ, பச்சைப்பயறு 2 கிலோ, கறுப்புக் கொண்டைக்கடலை 2 கிலோ, கொள்ளு ஒரு கிலோ, தட்டைப்பயறு ஒரு கிலோ, இவற்றோடு நிலக்கடலை 2 கிலோ, எல்லாம் 1,370 ரூபாய். ஆளுக்கு நாளொரு முட்டை என்றால் 120 முட்டை, 780 ரூபாய். நாள்தோறும் ஒரு லிட்டர் நீலப் பாக்கெட் பால், 1,200 ரூபாய். எண்ணெய் மூன்று லிட்டர், 600 ரூபாய். ஆளுக்கு 300 கிராம் வீதம் வெங்காயம், தக்காளி உட்படக் காய்கறியும் கீரையும் 1,440 ரூபாய். வாழைப்பழமோ கொய்யாவோ ஆளுக்கு நாளொன்றுக்கு 6 ரூபாய் வீதம் 720 ரூபாய். உப்பு, புளி, மிளகாய், மஞ்சள், சீரகம், டீத்தூள், வெல்லம் என்று 500 ரூபாய். கூட்டினால் 8,310 ரூபாய் வருகிறது. நால்வரின் கையிலும் சேர்ந்து 12,000 ரூபாய் இருக்கிறது. ஆகவே ஆளுக்கு 900 ரூபாய் போல மிஞ்சும். ஞாயிறு கோழி, கல்லூரி டீ, பிறந்தநாள் பிரியாணி, தக்காளி கிலோ 80 ரூபாய்க்கு ஏறிவிடும் வாரம் ஆகியவற்றை அது தாங்கும். இந்தப் பட்டியலில் ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 57 கிராம் புரதம் தேறுகிறது. அரிசியிலிருந்தும் கோதுமையிலிருந்தும் வரும் புரதத்தின் தரம் சற்றுக் குறைவுதான் என்பதால் அந்தப் பத்துக் கிராம் உபரியை நான் வேண்டுமென்றே வைத்திருக்கிறேன். உங்களில் யாராவது முட்டை சாப்பிடாதவர் என்றால் அந்த 195 ரூபாய்க்கு அவருக்கு மட்டும் கூடுதலாகப் பாலோ நிலக்கடலையோ வாங்கிக்கொள்ளட்டும். பங்கைக் குறைத்துக்கொள்ள வேண்டாம்.

சமையலுக்கு ஒரே அடுப்பு, ஒரே குக்கர். இதற்கென்றே கொங்கு நாட்டில் ஒரு சாப்பாடு காத்திருக்கிறது. அரிசியும் பருப்பும் சேர்த்து வேகவைக்கும் அரிசிம்பருப்பு சாதத்தைப் பீளமேட்டுக்கு வந்த இத்தனை நாளில் யாராவது உங்களுக்குப் போட்டிருப்பார்கள். வீடுகளில் நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு துவரம்பருப்பு போடுவார்கள். நீங்கள் இரண்டுக்கு ஒன்றாகப் போடுங்கள். நால்வருக்கு 400 கிராம் அரிசி, 200 கிராம் பருப்பு. இரண்டையும் கழுவி அரை மணி நேரம் ஊறவைத்துவிட்டு, குக்கரில் இரண்டு கரண்டி எண்ணெய் ஊற்றி, கடுகு, சீரகம், வரமிளகாய், தட்டிய பூண்டு ஆறேழு பல், கறிவேப்பிலை, இரண்டு கைப்பிடி சின்ன வெங்காயம், மூன்று தக்காளி என்று வரிசையாக வதக்குங்கள். தக்காளி குழைந்ததும் மஞ்சள்தூளும் உப்பும் போட்டு, அரிசி பருப்புக்கு மூன்று மடங்கு தண்ணீர் விட்டுக் கொதி வந்தபின் ஊறியதைச் சேர்த்து மூடி, மூன்று விசில் விட்டால் போதும். மூடியைத் திறக்கும்போது மேலே ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையைத் தூவி மறுபடி ஐந்து நிமிடம் மூடி வைத்தீர்களானால் அந்தச் சூட்டிலேயே கீரை வெந்துவிடும். ஆளுக்கு 18 கிராம் புரதம், செலவு 20 ரூபாய், வேலை முக்கால் மணி நேரம். ஓர் அவித்த முட்டையோடு டப்பாவில் போட்டுக் கொண்டுபோனால் கல்லூரி கேண்டீன் சாப்பாடு அதற்குப் பக்கத்தில் நிற்காது. துவரைக்குப் பதில் ஒருநாள் தட்டைப்பயறு, ஒருநாள் உடைத்த பச்சைப்பயறு என்று மாற்றிக்கொள்ளலாம்; பெயர் அதேதான், ருசி வேறு.

காலை வேளைக்குச் சமையல் என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். முதல் நாள் காலையில் ஊறப்போட்ட பச்சைப்பயறை இரவு வடித்து, ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டால் மறுநாள் காலையில் முளை எட்டிப் பார்க்கும். பயறில் முன்பு இல்லாத வைட்டமின் சி முளைவிடும்போது உண்டாகிறது என்பது கூடுதல் லாபம். ஐந்து நிமிடம் ஆவியில் வைத்து, வெங்காயமும் எலுமிச்சையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அறையில் ஊறுகிற பயறைப் பச்சையாகச் சாப்பிடுவதை நான் ஊக்குவிப்பதில்லை. இன்னொரு நாள் ராகிக் கஞ்சியும் அவித்த முட்டையும். மற்றொரு நாள் அவித்த கொண்டைக்கடலைச் சுண்டலும் ஒரு வாழைப்பழமும். வறுத்த நிலக்கடலை ஒரு கைப்பிடியைப் பையில் போட்டுக்கொள்வது பதினொரு மணிக்கு. இவ்வளவு இருந்தும் ஒருநாள் பஃப்ஸ் சாப்பிடத் தோன்றினால் சாப்பிடுங்கள், அதற்குத்தான் அந்த 900 ரூபாய் இருக்கிறது.

காய்கறியைத் தெருவில் வரும் வண்டியில் வாங்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாரம் ஒருமுறை சிங்காநல்லூர் உழவர் சந்தைக்குப் போய்வாருங்கள். 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கிய இந்தத் திட்டத்தில், விவசாயிகள் இடைத்தரகர் இல்லாமல் நேரடியாக விற்கிறார்கள். அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போடுவதால் பேரம் பேசத் தெரியாதவர்களும் ஏமாற மாட்டார்கள். காலை ஏழு மணிக்கு முன்பே போய்விட வேண்டும். எனக்கு வாடிக்கையாகக் கீரை கொடுக்கும் ஒரு பாட்டி, அரைக்கீரைக் கட்டை நான் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டு, "வேரைப் பாரு கண்ணு, எலைய என்னத்தப் பாக்கறே" என்றார். இலையில் தண்ணீர் தெளித்து எப்போதும் பசுமையாகக் காட்டிவிடலாம். வேரில் ஒட்டிய மண் ஈரமாக இருந்தால்தான் விடியற்காலையில் பிடுங்கியது. அன்றிலிருந்து வேரைத்தான் பார்க்கிறேன். உங்களிடம் ஃபிரிட்ஜ் இல்லை என்பதால், கீரையை வாங்கிய அன்றும் மறுநாளும் முடித்துவிட்டு, நடுவாரத்துக்குப் பீர்க்கங்காய், வெண்டைக்காய், கத்தரிக்காய், வாரக் கடைசிக்கு முட்டைக்கோஸ், பூசணி, பீட்ரூட், சேனைக்கிழங்கு என்று கெடும் வரிசையில் சமைத்துக்கொண்டு வாருங்கள். முள்ளங்கி வாங்கினால் அதன் இலையைத் தூக்கி எறியாதீர்கள், பொரியலுக்கு அருமையாக இருக்கும்.

கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எளிதில் ஏற்றுக்கொள்வதில்லை. பெண்களுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் வேண்டும் என்று அத்தனை உயர்வாக நிர்ணயித்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இரண்டு காரியங்கள் இதில் பெரிய வேறுபாட்டை உண்டாக்கும், இரண்டுக்கும் செலவு கிடையாது என்றே சொல்லலாம். சாப்பாட்டோடு எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா ஏதாவது ஒன்று இருந்தால் இரும்புச்சத்து கூடுதலாக ஏறும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்துக்கொண்டு போய்விடும். டீயைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை எழுதிக்கொடுத்திருந்தால் அதற்கும் இதே விதிதான்.

ஃபிரிட்ஜ் இல்லாத அறையில் ஓர் ஆபத்து உண்டு. காலையில் செய்த அரிசிம்பருப்பை மூடிவைத்துவிட்டு இரவில் சூடு பண்ணிச் சாப்பிடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். வெந்த அரிசி பல மணி நேரம் வெதுவெதுப்பில் கிடந்தால் அதில் வளரும் ஒருவகைப் பாக்டீரியா விடும் நச்சு, மறுபடி கொதிக்கவைத்தாலும் அழிவதில்லை. வாந்தியும் வயிற்றுப்போக்குமாக இரண்டு நாள் படுத்துவிடுவீர்கள். இரவுக்குத் தனியாக, குறைவாகச் சமையுங்கள். இரவில் வெறும் சோறு மிஞ்சினால் மட்டும் உடனே நல்ல தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் மோரும் சின்ன வெங்காயமுமாக முடித்துவிடலாம். பழைய சோறு நம் தாத்தா காலத்திலிருந்து தாங்கி வந்த முறை. பருப்பும் காயும் கலந்த சோற்றுக்கு அது பொருந்தாது.

தேர்வு வாரத்தில் இந்தத் திட்டமெல்லாம் சரிந்துவிடும். எல்லா அறைகளிலும் சரிகிறது. அதற்கு வீட்டின் உதவி வேண்டும். அம்மா அனுப்பும் பார்சலில் முறுக்கும் மிக்சரும் வருகின்றன அல்லவா, அவற்றில் பாதியைக் குறைத்து, பருப்புப் பொடி, கொள்ளுப் பொடி, முருங்கைக்கீரைப் பொடி, சத்துமாவு ஆகியவற்றை அனுப்பச் சொல்லுங்கள். சுடுசோற்றில் இரண்டு கரண்டி பருப்புப் பொடியும் ஒரு கரண்டி நல்லெண்ணெயும் போட்டுப் பிசைந்தால் பத்து நிமிடத்தில் சாப்பாடு முடிந்தது. ஊரில் உள்ள குடும்ப அட்டைக்கு 2011 முதல் அரிசி இலவசமாகவும், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கின்றன. வீட்டில் மிஞ்சுவதை எடுத்துவர நால்வரும் வெட்கப்படாமல் இருந்தால், மேலே போட்ட கணக்கில் மாதம் பல நூறு ரூபாய் குறையும். ரேஷன் புழுங்கலரிசியை இரண்டு முறை கூடுதலாகக் கழுவி, சற்று அதிக நேரம் ஊறவைத்தால் நன்றாகவே வேகும். பாமாயிலை மட்டுமே ஊற்றாமல் கடலை எண்ணெயோடு மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். மாதக் கடைசியில் பணம் முற்றிலும் தீர்ந்துவிட்டால் மாநகராட்சியின் அம்மா உணவகம் இருக்கிறது. சென்னையில் 2013இல் தொடங்கியபோது இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய் என்று வைத்தார்கள். அந்த வரிசையில் நிற்பதில் குறைவு ஒன்றும் இல்லை.

ஹார்லிக்ஸ், பூஸ்ட் போன்ற மாவுகளைப் பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் மாவுச்சத்தும் சர்க்கரையும்தான். அவற்றைப் பாலில் கலப்பதால் கிடைக்கும் நன்மையில் பெரும்பங்கு பாலுடையது. இத்தகைய பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவில் வைத்து விற்க வேண்டாம் என்று 2024 ஏப்ரலில் ஒன்றிய அரசே இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்திவிட்டது. அந்தப் பணத்துக்கு நிலக்கடலை வாங்குங்கள்.

பணத்தைவிட நால்வர் அறையைக் கெடுப்பது சமையல் முறைதான் என்பதை நீங்கள் கேட்காமலேயே சொல்கிறேன். முதல் வாரத்தில் எல்லோரும் சேர்ந்து சமைப்பீர்கள், இரண்டாவது வாரத்தில் ஒருத்தி மட்டும் சமைப்பாள், மூன்றாவது வாரத்தில் அவளும் கோபித்துக்கொண்டு பன் வாங்கித் தின்பாள். மாதம் பிறந்ததும் ஆளுக்கு 2,100 ரூபாயை ஒரு டப்பாவில் போட்டுவிட்டு, மளிகையை அன்றே மொத்தமாக வாங்கிவிடுங்கள். வீட்டில் பருப்பு இருந்தால் சமைக்கத் தோன்றும். நாளுக்கு இருவர் சமையல், மற்ற இருவர் பாத்திரமும் காய் நறுக்குவதும் என்று மாற்றிக்கொள்ளுங்கள். கணக்கு எழுதுவதை மட்டும் நால்வரில் கறாரானவரிடம் நிரந்தரமாகக் கொடுத்துவிடுங்கள்.

இனிக் களிக்கு வருகிறேன். 100 கிராம் ராகியில் 350 மில்லிகிராமை ஒட்டிச் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. நாளொன்றுக்கு வேண்டியதில் மூன்றில் ஒரு பங்கு அதிலேயே வந்துவிடும் என்பதால், பால் குறையும் நாட்களுக்கு அது நல்ல ஈடு. இண்டக்ஷனில் களி நன்றாக வரும். பாத்திரம் வழுக்கிக்கொண்டு சுற்றுவது மட்டும்தான் தொல்லை. அடிதட்டையான கனத்த பாத்திரத்தில் இரண்டரை டம்ளர் தண்ணீரில் உப்புப் போட்டுக் கொதிக்கவிட்டு, உங்கள் ஊர் வழக்கப்படி ஒரு கைப்பிடி வெந்த சோற்றையும் போட்டு, ஒரு டம்ளர் ராகி மாவை நடுவில் குவியலாகக் கொட்டுங்கள். கிளற வேண்டாம். குவியலின் நடுவே கரண்டிக் காம்பால் ஒரு துளை போட்டு, சூட்டைக் குறைத்து மூடி எட்டு நிமிடம் வேகவிடுங்கள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, பாத்திரத்தைத் தரையில் மடித்த பழைய துணிமேல் இறக்கி, ஒருத்தி இடுக்கியால் இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்துக்கொள்ள, இன்னொருத்தி துடுப்பால் கட்டியில்லாமல் கிண்ட வேண்டும். மறுபடி மூன்று நிமிடம் மிதமான சூட்டில் வைத்து, ஈரக்கையால் தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும் உருட்டிவிடலாம். அரைக்கீரைக் கடைசலோ கொள்ளுக் கடைசலோ அதற்குள் தயாராக இருக்க வேண்டும். களி ஆறக் காத்திருக்காது.